உடும்புக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஒரு சோற்றுப்பானை

போன ஆடி மாதம் சொந்தக்காரத் தம்பி ஒருவன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். பிறந்தது கொழும்பு, வளர்ந்தது கனடா, தகப்பனின் ஊர் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் வன்னிக்கு வருவது அதுதான் முதல் தடவை. முள்ளியவளையில் மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. குத்தரிசிச் சோறு, விரால் மீன் குழம்பு, பூசணிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பொரித்த மோர்மிளகாய், நடுவில் ஒரு மண்முட்டித் தயிர். பொடியன் நன்றாகத்தான் சாப்பிட்டான், இரண்டாம் தரமும் சோறு வாங்கினான். கை கழுவிவிட்டு வந்து இருந்தபின் மெதுவாகக் கேட்டான்: "மாமி, வன்னிச் சாப்பாடு ஒண்டும் செய்யேல்லையோ?"

மாமிக்கு விளங்கவில்லை. "அப்ப இவ்வளவு நேரமும் நீ சாப்பிட்டது எந்த ஊர்ச் சாப்பாடாம், தம்பி?"

அவன் கேட்டது காட்டுப்பன்றி. கிடைத்தால் மான் வத்தல். உடும்பு என்றால் இன்னும் விசேஷம். இதில் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவனுக்கு வன்னியைப் பற்றிக் கதை சொன்னவர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். வன்னியில் சனம் காட்டுக்குள் இருக்கும், வேட்டையாடும், இறைச்சியைத் தேனுக்குள் போட்டு வைக்கும், போனால் உடும்புக் கறி தருவார்கள். இது ஒரு படம். இன்னொரு படமும் இருக்கிறது, அது 2009இல் யுத்தம் முடிந்ததை நினைவுகூர்கிற மே மாதத்தில் வரும். கமராவோடு வருகிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களிடம் கஞ்சியைப் பற்றி மட்டுமே கேட்பார்கள். உப்பும் தண்ணீரும் போட்ட கஞ்சி, பசி, வரிசை. ஒரு படத்தில் நாங்கள் வேடர், மற்றதில் பட்டினி கிடந்தவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் தினமும் மூன்று நேரம் அடுப்பெரிகிற ஒரு குசினி இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. அதனால்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

இதை மண்ணிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். மழைநீர் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்கும், அதை இறைத்து இறைத்துத்தான் புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் செய்தார்கள். நெல்லும் உண்டு, ஆனால் மழையை நம்பி வருடத்துக்கு ஒரு போகம், அது எல்லா வயிற்றுக்கும் காணாது. இருக்கிற அரிசியை மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் புட்டாக அவித்தால் ஒரு குடும்பத்துக்குக் காணும். பனங்கிழங்கைக் கிழித்துக் காய வைத்து ஒடியலாக்கி, அந்த மாவில் மீனும் இறாலும் நண்டும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் பழப்புளியும் போட்டுக் கூழ் காய்ச்சினால் ஒரு பானையில் பத்துப் பேர் குடிக்கலாம். யாழ்ப்பாணச் சமையல் என்று இன்று உலகம் முழுக்கப் புகழப்படுகிற பலதும், நான் நினைக்கிறேன், சோறு காணாத ஊரின் கெட்டித்தனம். இதைச் சொன்னால் யாழ்ப்பாண நண்பர்களுக்குக் கோபம் வரும், வரட்டும், கெட்டித்தனம் என்று புகழ்ந்துதானே சொன்னேன்.

வன்னியில் கதை வேறு. இங்கே நிலம் தாழ்ந்து கிடக்கிறது, தண்ணீரை மறித்துக் கட்டலாம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், பாவற்குளம், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம், இவை பெரியவை. பெயர் தெரியாத சின்னக் குளங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அரைவாசி ஊர்களின் பெயர் குளம் என்றுதான் முடிகிறது. மாரி மழையில் காலபோகம், குளத்தில் தண்ணீர் மிஞ்சினால் சிறுபோகம். ஆகவே வன்னிக் குசினியில் தட்டுப்பாடு வந்தால் அது பெரும்பாலும் தேங்காய்க்கும் காசுக்கும் வந்திருக்கும், சாதாரண காலத்தில் நெல்லுக்கு வராது. காசில்லாத வீட்டிலும் மூலையில் நெல்லு மூட்டை நிற்கும். அதனால்தான் இங்கே மூன்று நேரமும் சோறு. யாழ்ப்பாணத்திலிருந்து பெண் எடுத்து வந்த வீடுகளில் முதல் சண்டையே இதில்தான் வரும் என்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். "காலமையிலேயே சோறோ?" என்று மருமகள் மூக்கைச் சுளிப்பாளாம். இரவுக்கு இடியப்பம் அவித்து வைத்தால் மாமனார் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "சரி பிள்ளை, இனிச் சோத்தைப் போடு" என்பாராம்.

காலமைச் சோறு என்றால் சுடுசோறு இல்லை, பழஞ்சோறு. இரவு மிஞ்சின குத்தரிசிச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியத் தண்ணீர் இலேசாகப் புளித்திருக்கும். தண்ணீரை வடித்து, சோற்றுக்குள் தயிர் விட்டு, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் வெட்டிப் போட்டு, முதல்நாள் மீன் குழம்பை அடுப்பில் வைத்து நன்றாக வத்த விட்டு அதன் அடிச்சட்டித் திரளையையும் சேர்த்து, அம்மம்மா கையாலே பிசைவார். கரண்டி வைத்தால் அந்தச் சுவை வராது என்று அவர் சொல்வது முழு உண்மையோ தெரியாது, ஆனால் நாங்கள் சுற்றி வர இருந்து கையை நீட்டினால் ஒவ்வொரு கவளமாக உள்ளங்கையில் உருட்டி வைப்பார், அந்தக் கவளத்தின் நடுவில் ஒரு குழி, குழிக்குள் கொஞ்சம் குழம்பு. கோப்பை கழுவுகிற வேலையும் இல்லை. இதைச் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போகிறவருக்குப் பத்து மணி மட்டும் பசிக்காது, வெயிலும் தெரியாது. யாழ்ப்பாணத்திலும் ஒரு தலைமுறைக்கு முன்னர் பழஞ்சோறுதான் காலமைச் சாப்பாடாக இருந்தது என்பதை அங்கே இருக்கிற வயதானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பேக்கரிப் பாண் வந்தது, அரச உத்தியோகம் வந்தது, எட்டு மணிக்குக் கந்தோருக்குப் போக வேண்டும், சோறு பின்னுக்குப் போனது. அப்புறம் அதைத் தொடர்ந்து சாப்பிட்டவர்கள் பட்டிக்காட்டார் ஆகிவிட்டார்கள்.

தயிரைப் பற்றி ஒரு வார்த்தை. வன்னியில் மாடு என்றால் வீட்டுப் பின்பக்கம் கட்டி நிற்கும் ஒரு பசு இல்லை, பட்டி. காட்டோரம் மேயும், மாலையில் திரும்பும், பால் ஒரு மாட்டுக்குக் கொஞ்சம்தான், ஆனால் மாடுகள் நிறைய. எருமைப் பால் கிடைத்தால் தயிர் கத்தியால் வெட்டலாம்போல் இருக்கும். மண்முட்டியில் உறைய விடுவதற்குக் காரணம் அழகு இல்லை. சுடுமண் தண்ணீரை உறிஞ்சும், தயிரின் தண்ணீர் மெல்ல மெல்ல முட்டிச் சுவருக்குள் போய் வெளிப்பக்கம் ஈரமாகக் கசியும், உள்ளே இருப்பது இறுகும். பிளாஸ்டிக் வாளியில் அதே பால், அதே உறை, ஆனால் தயிர் தளதளவென்று நிற்கும். இப்போது விடியக் காலமையே பால் எடுக்கும் வண்டி வந்து லீற்றர் கணக்கில் கொண்டுபோய்விடுவதால் பல வீடுகளில் தயிருக்குப் பால் மிஞ்சுவதில்லை. கையில் காசு வருகிறது, குறை சொல்ல முடியாது. முட்டியில் தயிர் வேண்டுமென்றால் நாங்களே இப்போது வீதியோரக் கடையில் வாங்குகிறோம்.

குளம் இருந்தால் மீன் இருக்கும். விரால்தான் ராசா. அதை வெட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. உடம்பு முழுக்க வழுவழுப்பு, வெறும் கையால் பிடித்தால் கிணற்றடி முழுக்க ஓடும். அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசி, கல்லில் வைத்து உரசி உரசி வழுவழுப்பை எடுத்து, உப்பும் பழப்புளியும் போட்டுக் கழுவினால்தான் சேற்று மணம் போகும். அதற்குப் பிறகு குழம்பு வைக்கும்போது வெந்தயமும் உள்ளியும் கொஞ்சம் கூட. தேங்காய்ப் பாலில் முதற்பாலைக் கடைசியாக விட்டு, ஒரு கொதி, அவ்வளவுதான். ஆனால் அன்றாடம் சட்டியில் விழுவது விரால் இல்லை, ஜப்பான் மீன். ஜப்பான் என்று நாங்கள் கூப்பிடுகிற இந்தத் திலாப்பியா உண்மையில் தெற்கு ஆபிரிக்கப் பக்கத்து மீன், மொசாம்பிக் திலாப்பியா என்று பெயர், 1952இல் இலங்கைக் குளங்களில் கொண்டுவந்து விட்டார்கள். ஜப்பானுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ. இன்று எங்கள் குளத்து மீன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற மீன் என் அம்மம்மாவை விட இளையது. இதை அவரிடம் சொன்னபோது நம்பவில்லை, "அது முந்தியும் இருந்ததடா" என்று ஒரே பிடி.

சரி, அந்தப் பன்றிக்கு வருவோம். காட்டிறைச்சி வன்னியில் இருந்ததே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தது. ஆனால் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நெல்லுக் கதிர் முற்றுகிற காலத்தில் இரவில் பன்றி இறங்கும், ஒரு கூட்டம் ஒரே இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும். அதற்காகத்தான் காவல் கொட்டில் போட்டுக்கொண்டு, தகரம் தட்டிக்கொண்டு, நெருப்பு எரித்துக்கொண்டு மாதக் கணக்காக வயலில் படுத்தார்கள். காவலில் ஒரு பன்றி விழுந்தால் அது ஒரு வீட்டுக்குக் காணாத இறைச்சி இல்லை, ஒரு வீட்டுக்கு மிஞ்சின இறைச்சி. குளிர்சாதனப்பெட்டி இல்லாத காலம். பங்கு போட்டு அயலுக்குக் கொடுப்பார்கள், மிஞ்சினதைக் கீலம் கீலமாகக் கிழித்து உப்பும் மஞ்சளும் பூசி அடுப்புக்கு மேலே புகையில் தொங்க விடுவார்கள். அதுதான் வத்தல். பயிர்க்காவலின் பக்கவிளைவாக வந்த இறைச்சி. அது தினமும் கிடைக்காது, கிடைத்தால் வைத்திருப்பார்கள், யாருக்கு வைத்திருப்பார்கள்? விருந்தாளிக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து மாமன் வந்தால், அரசாங்கக் கச்சேரியிலிருந்து உத்தியோகத்தர் வந்தால் அந்த வத்தல் இறங்கும். விருந்தாளி ஊருக்குத் திரும்பிப் போய், வன்னியார் தினமும் காட்டிறைச்சிதான் தின்கிறார்கள் என்று சொன்னார். அவர் கண்டது விருந்தை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் என்ன காய்ச்சினார்கள் என்பதை அவர் காணவில்லை.

இப்போது அதுவும் இல்லை. மான், மரை, மயில், உடும்பு எல்லாம் சட்டப்படி காக்கப்படுகிற உயிர்கள், அந்தச் சட்டம் 1937 முதலே இருக்கிறது. யுத்தம் முடிந்தபின் காட்டுக்குள் கண்ணிவெடி என்ற பயம் பல காலம் இருந்தது, விறகுக்குக்கூட உள்ளே போகத் தயங்கினார்கள். என் வயதுப் பொடியன்களில் உடும்பு சாப்பிட்டவனை விட, உடும்பு சாப்பிடுவாயா என்று கேட்கப்பட்டவன்தான் அதிகம். அந்தக் கேள்விக்குள் சாதியும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யார் எதைத் தின்கிறார்கள் என்று சொல்வது, யாருக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பது என்று முடிவு செய்வதற்கான வழியாகவும் இருந்தது, எங்கள் ஊருக்குள்ளேயே. வெளியூரார் எங்களைக் காட்டார் என்றார்கள், நாங்கள் எங்களுக்குள் வேறு யாரையோ அப்படிச் சொன்னோம்.

இந்த விஷயத்தில் எவரும் சளைத்தவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தவரைப் பனங்கொட்டை சூப்பி என்று பகிடி பண்ணுவார்கள். மட்டக்களப்பாரிடம் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று சொல்வார்கள், சாப்பாட்டில் எதையோ போட்டு ஆளை மயக்கி அங்கேயே இருத்திவிடுவார்களாம். அங்கே கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருக்கிற வழமை, நல்ல சோறு, நல்ல தயிர், போனவன் திரும்பவில்லை. தாய்க்காரிக்கு அதை மந்திரம் என்று சொல்வது வசதியாக இருந்திருக்கும்.

காட்டிலிருந்து உண்மையில் குசினிக்கு வந்தது பெரும்பாலும் இலையும் பழமும் தேனும்தான். மழை விழுந்து இரண்டு கிழமையில் முசுட்டை தளிர்க்கும், அதை நுணுக்கமாக அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை. முல்லை, குறிஞ்சா, மொசுமொசுக்கை, தூதுவளை. கறையான் புற்றடியில் காளான். வெயில் காலம் தொடங்கப் பாலைப்பழம்; மஞ்சளாகச் சின்னதாக, தேன்போல் இனிப்பு, கொஞ்சம் கூடத் தின்றால் பால் ஒட்டி இரண்டு உதடும் ஒன்றாகிவிடும், தேங்காய் எண்ணெய் பூசித்தான் பிரிக்க வேண்டும். ஏ9 வீதியோரம் பிள்ளைகள் பேணியில் அளந்து விற்பார்கள். வீரை, உலுவிந்தை, நாவல், விளாம்பழம். கடலும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு வன்னி என்றால் காடு என்பவர்களை முல்லைத்தீவுக்கும் நாயாறுக்கும் கொக்கிளாய்க்கும் கூட்டிப் போக வேண்டும். நந்திக்கடல் இறாலுக்குச் சொதி வைத்தால் வேறு கறி தேவையில்லை. சொதி என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் திருநெல்வேலிக் கல்யாண வீட்டுச் சொதியை நினைப்பார்கள், பருப்பும் காய்கறியும் போட்டது. எங்கள் சொதி தண்ணியான பால், மஞ்சள், பச்சை மிளகாய், வெந்தயம், கடைசியில் தேசிக்காய்ப் புளி. பெயர் ஒன்று, சட்டி வேறு.

அடுத்த பிழையான படம், வன்னியார் என்று ஒரே மாதிரி ஒரு சனம் இருக்கிறது என்பது. பழைய ஊர்கள் உண்டு, முள்ளியவளை, ஒட்டுசுட்டான், பனங்காமம், செட்டிகுளம் மாதிரி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் போனால் அந்தப் பழைய வன்னி கண்ணில் படும். கடல்நீரில் விளக்கெரியும், பாக்குத்தெண்டல் சடங்கில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை, வளந்துப் பானையில் பொங்கல். ஆனால் அந்தக் கூட்டத்தில் நிற்கிறவர்களில் பலரின் பாட்டன் வேறு ஊரில் பிறந்தவர். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது, அங்கே குளத்தடிக் காணிகளுக்குக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறினார்கள். விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபருக்கு அரசாங்கம் காணி கொடுத்த திட்டத்தில் வந்தவர்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இவர்கள் மிளகாய் போட்டார்கள், செத்தல் மிளகாய் பவுண் மாதிரி விலை போனது. மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினவர்களை எனக்குத் தெரியும். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த ராசகாலம் முடிந்தது.

தமிழன் என்றால் உறைப்பு என்பதற்கும் இங்கே ஒரு அடிக்குறிப்பு போடலாம். மிளகாயே போர்த்துக்கேயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன்னர் உறைப்புக்கு மிளகுதான், மிளகாய் என்ற பெயரிலேயே அந்த மிளகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாணும் குசினியும் கூட அவர்கள் விட்டுப்போன சொற்கள். எங்கள் ஆதி அடையாளம் என்று சண்டை போடுகிற கறித்தூளின் முக்கால்வாசிச் சிவப்பும் கப்பலில் வந்தது.

கறித்தூள் அரைக்கிற ஊர் மில்லில் ஒரு காலை நின்று பார்த்தால் வன்னி எப்படிக் கலந்து கிடக்கிறது என்று மூக்குக்கே தெரியும். ஒருவர் கறுக்க வறுத்த சரக்கு கொண்டுவருவார், மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும், அது குடாநாட்டுக் கை. அடுத்த வாளியில் மல்லி தூக்கலாக இருக்கும், நிறம் மண்ணிறத்துக்கு வரும், அது பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்த குடும்பம். அவர்கள் 1958இலும் 1977இலும் 1983இலும் அடிபட்டு, தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள், பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் போனால் அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காணலாம். இவர்களை ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் "ரொட்டிச் சனம்" என்று ஒரு மாதிரியாகச் சொன்னார்கள். தோட்டத்தில் விடிய ஐந்து மணிக்கு எழும்பி மலையேறுகிறவர் சோறு சமைத்துக்கொண்டிருக்க முடியுமா? கோதுமை மாவை உப்போடு பிசைந்து தட்டிக் கல்லில் போட்டால் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். வேலை நேரம் தீர்மானித்த சாப்பாடு அது, வயல்காரனுக்குப் பழஞ்சோறு மாதிரி. அப்புறம் யுத்தம் வந்தது, இடப்பெயர்வு வந்தது, நிவாரணத்தில் எல்லாருக்கும் மா, பருப்பு, சீனி என்று அளந்து கொடுத்தார்கள். உரல் இல்லை, இடியப்பத் தட்டு இல்லை, மூன்று கல் அடுப்பு. அன்றைக்கு ரொட்டி எப்படி மெல்லிசாகத் தட்டுவது என்று மாமிக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்துக் கொட்டிலில் இருந்த பாரதிபுரத்து அக்காதான்.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பி வெளிக்கிட்டபோது, அடுத்து வந்த மாதங்களில் கிளாலிக் கடலைக் கடந்து பெருந்தொகைச் சனம் வன்னிக்கு வந்தது. எங்கள் வளவில் மட்டும் நாலு குடும்பம். அதில் ஒரு ஆச்சி வந்து இரண்டாம் நாளே புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் பனையோலை வெட்டுவித்துத் தானே பின்னினார். இரவில் புட்டு, பகலில் எங்கள் சோறு, இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. "வன்னியாருக்கு ஒண்டும் தெரியாது, ஆனா சோறு மட்டும் வஞ்சகம் இல்லாமல் போடுவினம்" என்று அந்த ஆச்சி சொல்வார், பாராட்டாகத்தான் சொன்னார். வன்னியார் வெள்ளந்தி, விருந்தோம்பல் மிக்கவர் என்ற படமும் இப்படிப் பிறந்ததுதான். அது கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பிழையில்லாததாகிவிடாது. எங்களிலும் கஞ்சர் உண்டு, கணக்குப் பார்த்து மீன் துண்டு போடுகிற பெரியம்மா எனக்கே உண்டு.

போனவர்களையும் சொல்ல வேண்டும். முல்லைத்தீவில் நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முழுவதிலும் இருந்து புலிகள் அவர்களை வெளியேற்றினார்கள். நோன்பு காலத்தில் அயல் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் வரும் கஞ்சியின் மணத்தை மாமி இன்றைக்கும் சொல்வார். தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, ரம்பை, அடியில் இறைச்சித் துண்டு. திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்கள் அதிகம். அந்தக் கஞ்சி இருபது வருடத்துக்கு மேல் அந்த ஒழுங்கையில் காய்ச்சப்படவில்லை.

அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலம் வன்னிச் சமையலை எப்படி மாற்றியது என்பதற்கே தனியாக எழுத வேண்டும். தொண்ணூறுகளில் எரிபொருள், பற்றரி, உரம், சவர்க்காரம் என்று வராத சாமான்களின் பட்டியல் நீளம். அடுப்புக்கு விறகு இருந்தது, காடு பக்கத்தில், ஆகவே மண்ணெண்ணெய் இல்லாத வலி அடுப்பை விட விளக்கில்தான் தெரிந்தது. இருட்ட முன்னர் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். சீனி இல்லாத தேத்தண்ணிக்குப் பனங்கட்டியை ஒரு கடி, தேத்தண்ணி ஒரு மிடறு. உரம் இல்லாதபடியால் மாட்டெருவையும் குழையையும் நம்பினார்கள். தலையில் இருந்து கால் வரை அன்றைக்கு நாங்கள் இயற்கை உணவுக்காரர், தெரியாமல். இப்போது கொழும்பில் அதே குத்தரிசியையும் பனங்கட்டியையும் அழகான பையில் போட்டு விலை ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும்.

கஞ்சி. அதற்கு யுத்தத்துக்கு முன்னரே ஒரு மரியாதை இருந்தது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்கு உள்ளிக் கஞ்சி, மழைநாளில் இலைக்கஞ்சி, அரிவு வெட்டுக்காரருக்குத் தேங்காய்ப்பால் விட்ட பால்கஞ்சி. 2009 மாசியிலிருந்து வைகாசி வரை, யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனம் அடைபட்டுக் கிடந்த முல்லைத்தீவுக் கடற்கரைத் துண்டுக்குள் காய்ச்சினது இவை எதுவும் இல்லை. அரிசி ஒரு பிடி, தண்ணீர் ஒரு கிடாரம், உப்பு இருந்தால் உப்பு. தேங்காய் ஒன்றின் விலையைச் சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். கொட்டில் போட்டுக் காய்ச்சி ஊற்றினார்கள், பிள்ளைகள் சட்டியோடு வரிசையில் நின்றார்கள், வரிசையில் நின்றவர் திரும்பி வராத கதை எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் இருக்கிறது. இன்று ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். 2024இல் திருகோணமலைப் பக்கம் சம்பூரில் அப்படிக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். ஒரு நாட்டில் அரிசித் தண்ணீருக்கு இவ்வளவு பயப்படலாம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தக் கஞ்சியை ருசி பார்க்க என்று சிலர் வருகிறார்கள், அதுதான் எனக்கு ஒத்துவராத ஒன்று. மாமி யுத்தம் முடிந்த நாளான மே 18இல் அந்தச் சிரட்டையை வாங்குவார், குடிப்பார், ஒன்றும் பேசமாட்டார். அதை வீட்டில் ஒருபோதும் காய்ச்சமாட்டார். யாராவது "பாரம்பரிய வன்னிக் கஞ்சி" என்று அதைப் பட்டியலில் சேர்த்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பாரம்பரியம் என்றால் பால்கஞ்சியைச் சேருங்கள்.

இப்போது குசினியில் என்ன நடக்கிறது என்று கேட்டால், மற்ற ஊர்களில் நடப்பதுதான். பிள்ளைகளுக்கு நூடில்ஸ், பின்னேரம் சந்தியில் கொத்துரொட்டி, மிளகாய்த்தூள் பக்கெற்றில். பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் கிடைக்கிறது, நானும் வாங்குவேன், அங்கே நிற்கிற கூட்டத்தில் ஊரவரும் உண்டு பயணிகளும் உண்டு. மாமி மட்டும் இன்னும் காலமையில் சோறு. நீரிழிவு என்று டொக்டர் சொன்னபின் கவளத்தின் அளவு குறைந்திருக்கிறது, குழி குறையவில்லை.

கனடாத் தம்பி திரும்பிப் போகும் வழியில் எங்கேயோ வீதியோரம் நிறுத்திக் காட்டுப்பன்றி வத்தல் என்று ஒரு பொதி வாங்கியிருக்கிறான். அன்றிரவு கொழும்பிலிருந்து வீடியோவில் எடுத்து, பொரித்த துண்டைக் கமராவுக்குக் கிட்டே பிடித்து மாமிக்குக் காட்டினான். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எவ்வளவு கொழுப்படா மோனே. அது வீட்டுப் பன்றி."